அக்கா வெளுத்த வெள்ளைச் சட்டை

என் அக்காவுக்குக் கடைத்தெருவில் ‘கறையக்கா’ என்றுதான் பெயர். சலவைக் கடையில் துணியில் கறை எடுப்பது அவள் வேலை. எண்ணெயோ, மையோ, துருவோ, முதலில் மோந்து பார்ப்பாள். “போயிடும்” என்பாள். போய்விடும்.

“உன் கையில மாட்டின கறைக்கு ஆயுசு கம்மி” என்று அத்தான் கேலி பண்ணுவார். தேய்த்த துணிகளைச் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்.

அந்த அத்தானை ஒரு சாயங்காலம் தெருமுனைத் திருப்பத்தில் கார் அடித்துப் போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஆண்டவன் அழைத்துக்கொண்டான். காரை ஓட்டியவர், “சைக்கிள் தானா சறுக்கி விழுந்துச்சு, நான் தூக்கிவிடத்தான் நிறுத்தினேன்” என்று சொல்லிவிட்டார். பார்த்தவர் யாரும் இல்லை. ‘கவனக்குறைவாக ஓட்டி விழுந்தார்’ என்று போலீஸ் காகிதத்தில் ஏறிவிட்டது.

“ஒரு கைக்குட்டையைக்கூட தவறவிடாத மனுஷன்டி. அவரைப் போய் கவனமில்லாதவர்னு எழுதிட்டாங்க. அதை மாத்தணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்றாள் அக்கா.

முதலில் பார்த்த வக்கீல் காகிதத்தைப் பாதி படித்ததுமே, “சாட்சி இல்லாத கேஸும்மா” என்று திருப்பிக் கொடுத்தார்.

அக்காவுக்கு வக்கீல்களைத் தெரியாது. அவர்கள் கோட்டுகளைத் தெரியும். கடைக்கு வருகிற கறுப்புக் கோட்டுகளை எல்லாம் யோசித்துவிட்டு, “ஒரு அம்மாவோட கோட்டுல முழங்கை மட்டும் நூல் தேஞ்சு கிடக்கும். மேசையில கை ஊனி நெறைய எழுதுற ஆளு. அங்க போவோம்” என்றாள்.

நகல் எடுக்கும் கடைக்கு மேல் மாடியில் சின்ன அறை. வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, “அன்னிக்கு அவர் போட்டிருந்த துணி இருக்கா?” என்றார்.

“கையோட கொண்டாந்திருக்கேம்மா.” அக்கா பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே மடிப்புக் கலையாத சட்டை, பால் மாதிரி வெள்ளை. “இந்தக் கையில டயர் தடம் வரி வரியா இருந்துச்சும்மா. லேசுல போகல. மூணு நாள் ஊற வச்சு எடுத்தேன்.”

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். “கார் அவர் மேல பட்டதுக்கு அந்தத் தடம்தாம்மா சாட்சி” என்றார் மெதுவாக.

அக்கா சட்டையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். “அழுக்கோட வச்சிருக்க மனசு வரலியே” என்றாள். அவள் அதை வெளுத்தபோது நானும்தான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம். தோன்றவில்லையே.

“தடத்தை வேற யாராவது பார்த்தாங்களா?”

“கடை நோட்டுல எழுதினேன்.”

துணி வரும்போதே என்ன கறையோடு வந்தது என்று எழுதிவிடுவது கடை வழக்கம். பின்னால் யாரும் சண்டைக்கு வரக்கூடாதே.

“சொந்தப் புருஷன் சட்டையையுமா எழுதினீங்க?”

“எழுதாம தண்ணில போட கை வராதும்மா.”

மறுநாள் நோட்டைக் கொண்டுபோனோம். ‘வெள்ளைச் சட்டை ஒன்று. இடது கையில் டயர் தடம், நாலு வரி. முதுகில் ரத்தம்.’ தேதியும், கடைக்காரர் கையெழுத்தும் இருந்தன.

“கறையோட சட்டை இருந்திருந்தா கோர்ட்டுல நின்னிருக்கும். அந்த அளவுக்கு இது நிக்காதும்மா. ஜெயிச்சுடலாம்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதை வச்சுக்கிட்டு நான் கேப்பேன்” என்றார் வக்கீலம்மா. பிறகு விரலை நகர்த்தி, “வாங்கினவர் கையெழுத்துன்னு ஒரு கட்டம் காலியா இருக்கே?” என்றார்.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“வாங்க அவர் வரலியேம்மா.”

வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் ஆண்டவன் அறிவான் என்று நான் ஆறுதல் சொல்கிறேன். “அவன் அறிவான்டி. காகிதத்துல யாரு மாத்துவா?” என்கிறாள் அக்கா. வேலைக்குப் போகிறாள். ஆனால் இப்போதெல்லாம் எந்தத் துணியையும் சட்டென்று தண்ணீரில் போடுவதில்லை. கறையைத் தடவிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருக்கிறாள்.