ஐவி தொட விடாத முகம்

மணப்பெண் அலங்காரம் செய்கிற ஐவிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று திருகோணமலை நகரத்தில் அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மூக்கு நுனியில் மட்டுமல்ல, கையிலும்தான். அலங்காரம் முடித்து இருந்த மணப்பெண்ணின் கன்னத்தைத் தடவிக் கொஞ்ச வந்த ஒரு பெரியம்மாவின் கையில், சீப்பாலேயே ஒன்று போட்டவள் அவள். "கண்ணால பாருங்கோ. தொட்டுப் பார்க்க இதென்ன சந்தைக் கத்தரிக்காயா?" என்று கேட்டாள். அந்தப் பெரியம்மா இன்றைக்கும் இவளோடு கதைப்பதில்லை.

ஆனாலும் கலியாணம் என்றால் ஐவிதான் வேண்டும். தோப்பூர் முஸ்லிம் மணப்பெண்ணுக்குத் தலைச்சீலையைச் சுற்றி, ஒரு ஊசிகூட வெளியே தெரியாமல் குத்திவிடுவாள். கோயில் கலியாணம் என்றால் ஓமப்புகையில் கண் கலங்கினாலும் கரையாத மையை எடுப்பாள். தேவாலயத்துக்குப் போகும் பெண்ணுக்கு வெள்ளைச் சேலையில் முகம் வெளிறிப் போகாமல், உதட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக நிறம் வைப்பாள். கறுத்த பிள்ளை என்றால் அவளுக்குத் தனி உற்சாகம். பூச்சைத் தாடையில் தடவிப் பார்த்து, கழுத்தோடு ஒன்றாகிப்போகும் நிறத்தைத் தேடி எடுப்பாள். கன்னத்துக்குச் செம்பு நிறம், உதட்டுக்கு நாவற்பழ நிறம். "வெள்ளையாக்கி விடுங்கோ" என்று யாராவது வாய் திறந்தால்தான் பற்றிக்கொண்டு வரும். பிள்ளை என்ன சுவரா, வெள்ளையடிக்க?

அவளுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. கத்தோலிக்க வீடுகளில் தேவாலயத்துக்குப் புறப்படுமுன் தகப்பன் மகளின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதிப்பார். அது அலங்காரத்துக்கு முதலே முடிந்துவிட வேண்டும். பிறகு ஆண்டவரே வந்தாலும் தொட விடமாட்டாள்.

சாம்பல்தீவில் தினுஷாவின் கலியாணத்தன்று அந்த ஒழுங்கு தவறிவிட்டது. விருந்தாட்கள் உட்கார வாடகைக் கதிரைகள் வந்து சேரவில்லை என்று தேடிப்போன தகப்பன் சூசைப்பிள்ளை திரும்பவில்லை. அவர் கடலுக்குப் போகிற மனிதர், தாயில்லாத பிள்ளையைத் தனியாக வளர்த்தவர். நேரம் போகிறதே என்று ஐவி பெட்டியைத் திறந்தபோது, மாப்பிள்ளை அஞ்சலோவின் தமக்கை ஷெரோமி உள்ளே வந்து ஒரு வெளிர் நிறப் பூச்சுப் போத்தலை நீட்டினாள்.

"இதைப் போடுங்கோ. கனடாவில எங்கட ஆக்கள் எல்லாம் படம் பார்ப்பினம். இந்தக் கறுப்போட நிண்டால் எங்களுக்குத்தான் வெட்கம்."

"இது இந்தப் பிள்ளையின்ர நிறமில்லை. முகம் வேற, கழுத்து வேற எண்டு தெரியும்."

"கழுத்துக்கும் பூசுங்கோ."

"பிறகு கைக்கு? காலுக்கு? ஒரு பெயின்ற் வாளியாக் கொண்டந்திருக்கலாமே!"

ஐவி பெட்டியை மூடிக்கொண்டு போயிருப்பாள். தினுஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டுவிடுங்கோ, அன்ரி. நாளையில இருந்து நான் மச்சாளோடதான் ஒரே வீட்டில இருக்க வேணும். முதல் நாளே சண்டை வேண்டாம்."

இப்போது ஐவிக்கு ஷெரோமியை விட இவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. அப்படி என்ன பயம்? ஆனால் முகம் அவளுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு பூசினாள். முடிந்ததும் ஷெரோமி, "இப்பதான் கலியாணப் பொம்பிளை மாதிரி இருக்கு," என்று சொல்லி வெளியே போனாள்.

அந்த நேரம் பார்த்துச் சூசைப்பிள்ளை வந்தார். சேட்டு வேர்வையில் நனைந்திருந்தது. மகள் பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு காலையிலும் சிலுவை போட்ட நெற்றி அது. பெருவிரலைத் தூக்கிக்கொண்டு கிட்ட வந்தவர் நின்றுவிட்டார். வலைக் கயிறு இழுத்துக் காய்த்த அந்தக் கறுத்த விரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். மறுபடியும் தூக்கினார்.

"பிள்ளை, நான் தொட்டால் ஊத்தையாப் போயிடுமோ?" என்று ஐவியைக் கேட்டார்.

எத்தனையோ பேரைத் தொட விடாமல் விரட்டிய ஐவிக்கு, தொடுங்கோ என்று ஒரு சொல் வரவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. நெற்றியில் படாமல் காற்றிலேயே சிலுவை போட்டார். "வடிவா இருக்கிறாய், மகள்," என்று யாரோ பெற்ற பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு விறாந்தைக்குப் போய்விட்டார்.

தினுஷா கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கும் கோபம் வரும் என்று ஐவி அப்போதுதான் கண்டாள்.

"அன்ரி, துடையுங்கோ."

"நேரம் போயிட்டுது."

"போகட்டும். துடையுங்கோ!"

சத்தம் கேட்டு ஷெரோமி ஓடிவந்தாள். "என்ன செய்யிறீங்கள்? அங்க பாதர் பார்த்துக்கொண்டு நிக்கிறார்!"

தினுஷா கண்ணாடியை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். "மச்சாள், நான் அப்பாட நிறம். அவர் தொட ஏலாத முகத்தோட நான் வரமாட்டன். அதுக்கு உங்கட வீட்டில என்ன நடந்தாலும் நடக்கட்டும்."

ஷெரோமி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஐவி காலாலேயே கதவை அடித்துச் சாத்தினாள்.

அந்தப் பூச்சை எல்லாம் துடைத்துவிட்டு, கழுத்தோடு ஒன்றாகிப்போகும் நிறத்தை எடுத்தாள். அன்று ஐவி வேலை செய்ததுபோல முன்பு செய்ததில்லை. முடிந்ததும் கதவைத் திறந்து, "ஐயா, உள்ளுக்கு வாங்கோ," என்று சூசைப்பிள்ளையைக் கூப்பிட்டாள். அவர் தயங்கினார். "வடிவா அழுத்திப் போடுங்கோ," என்றாள்.

அவர் அழுத்திப் போட்டார். தினுஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலில் படம் பிடிக்கிறவன் கமெராவை இறக்கிவிட்டு, "அக்கா, நெத்தியில விரல் பட்டு அழிஞ்சிருக்கு. கொஞ்சம் சரியாக்கி விடுங்கோ," என்றான்.

"அது சரியாத்தான் இருக்கு. நீ உன்ர வேலையைப் பார்!" என்று ஐவி அவன்மேல் பாய்ந்தாள்.