காலை எடுத்தும் நிற்காத வண்டி

முசிறி சாலையில் ஒரு வாழைக்காய்க் கிடங்கு. அங்கே ஓடும் பழைய பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் திடீர் திடீரென்று நின்றுபோகிறது என்று பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பைக்கில் போனேன். வண்டியை ஓட்டுபவர் தொட்டியத்துக்காரப் பெண். நாற்பது வயதிருக்கும்.

"வாசல் மேட்டுல ஏறும்போதுதான் தம்பி நிக்குது. அப்புறம் தானா ஓடுது."

நான் உள்ளே சமதளத்திலேயே நான்கு சுற்று ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. மூடியைத் திறந்து கான்டாக்டரைப் பார்த்தேன். மிதியை அழுத்தினால் டக்கென்று ஒட்டி, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு விடுகிற பெரிய சுவிட்ச் அது. முனைகள் கறுத்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, "சரியாயிடுச்சு. மிதியை முழுசா மிதிச்சு ஓட்டுங்கக்கா" என்றேன்.

நான்காம் நாள் மறுபடி போன் வந்தது. கிடங்குக்குப் போனேன். "நின்னாக்கூடப் பரவாயில்ல தம்பி. நேத்து காலை எடுத்தும் நகந்துச்சு" என்றார் அவர். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. "ஓட்டுங்க, பாக்குறேன்" என்று அடுக்கியிருந்த பெட்டிகளில் சாய்ந்து நின்றேன்.

வண்டி வாசல் மேட்டில் ஏறி இறங்கியது. உள்ளேயிருந்து டகடகவென்று சத்தம். அவர் மிதியிலிருந்து காலைத் தூக்குவதைப் பார்த்தேன். வண்டி நிற்காமல் நேராக என்மேல் வந்தது.

"தள்ளுங்க தம்பி!"

கால் அசையவில்லை. அவர் பிரேக்கை மிதித்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்புப் பட்டனை அறைந்தார். சுமை தூக்கும் இரும்பு முள் என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

மூடியைத் திறந்தேன். கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டியிருந்தன. மிதியிலிருந்து அதற்கு வரும் மெல்லிய ஒயரை இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. உறைக்குள் இரண்டே இழையில் தொங்கியிருந்திருக்கிறது. மேட்டில் குலுங்கும்போதெல்லாம் கான்டாக்டர் விட்டு விட்டு ஒட்டி, பொறி பறந்து முனைகளைத் தின்றிருக்கிறது. முனைகளைக் காக்க மிச்சமிருந்த வெள்ளிப் பூச்சை என் உப்புத்தாள் வழித்தெடுத்திருக்கிறது.

"என் தப்புதான்க்கா" என்றேன்.

"மொத நாளே மேட்டுல ஏத்திப் பாத்திருக்கலாமே தம்பி."

கிடங்கு முதலாளியிடமும் நானே போய்ச் சொன்னேன். புதுக் கான்டாக்டரும் ஒயரும் வாங்கி வந்து மாட்டினேன். சோதித்துப் பார்க்க சீட்டில் ஏறியும் மிதியில் காலை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"எறங்குங்க. நான் ஓட்டுறேன். நீங்க அந்தத் தூணுக்குப் பின்னாடி நில்லுங்க."

போய் நின்றேன். அவர் அந்த மேட்டில் இருபது முறை ஏறி இறங்கினார். காலை எடுத்த இடத்திலெல்லாம் வண்டி நின்றது.