ஸ்ரீரங்கன் வைத்த அடையாளம்

மயிலாப்பூர் ஸ்ரீரங்கன் யாரையும் நம்பிக் கெட்டவர் இல்லை. அப்படியிருந்தும் யாரையும் நம்பமாட்டார். பால்காரர் பால் ஊற்றும்போது இவர் பாலைப் பார்க்கமாட்டார், அளவைக்குள் பதிந்திருக்கும் பால்காரரின் கட்டைவிரலைப் பார்ப்பார். கபாலி கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பைப் பூக்கடையோரமும் மற்றதைத் தேங்காய்க்கடையோரமும் விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். சாமி கும்பிடும்போதும் பாதி மனசு வாசலில்தான் நிற்கும். மவுண்ட் ரோடில் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. அங்கேயும் மேஜை டிராயரைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேன்டீனுக்குப் போவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நேசித்த ஒரே பொருள் பீட்டா கேசட்.

சொன்னால் இப்போது பலருக்குப் புரியாது. எண்பதுகளில் வீட்டில் படம் பார்க்க வந்த டெக்கில் இரண்டு ஜாதி உண்டு. பெரிய கேசட் போடுகிற வி.ஹெச்.எஸ்., சின்ன கேசட் போடுகிற பீட்டா. ஒன்றின் கேசட் மற்றதில் நுழையாது. ஸ்ரீரங்கனின் மைத்துனர் எண்பத்துநாலில் துபாயிலிருந்து கொண்டுவந்தது பீட்டா. கொஞ்ச வருஷத்திலேயே ஊர் முழுக்க வி.ஹெச்.எஸ். பக்கம் சாய்ந்துவிட்டது. தொண்ணூற்றைந்தில், இந்தக் கதை நடக்கும்போது, கேபிள்காரன் தெருவுக்குத் தெரு வயரை இழுத்து, ராத்திரி பகலாகப் படம் காட்டிக்கொண்டிருந்தான். பீட்டா கேசட்டை எடைக்குப் போட்டால்கூட வாங்க ஆளில்லை.

ஸ்ரீரங்கன் வாங்கினார். மூடுகிற வாடகைக் கடைகளில், மூர் மார்க்கெட் பக்கத்து நடைபாதையில், காலி செய்கிற வீடுகளில், எங்கே பீட்டா கண்ணில் பட்டாலும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். படம் நல்ல படமா என்பது பொருட்டில்லை. கதாநாயகி கதறி அழும் இடத்தில் அவள் முகத்தின் குறுக்கே பல்பொடி விளம்பரம் ஊர்ந்து போகும். அவருக்கு அதுவும் வேண்டும். ஒரு கேசட்டில் ஒரு பாட்டு வரும் இடத்தில் படம் கோடு கோடாகக் கிழியும். மகள் மதுவந்தி குழந்தையாக இருந்தபோது திரும்பத் திரும்ப அந்தப் பாட்டைப் போடச் சொல்லித் தேய்த்த இடம் அது. மகள் இப்போது திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். அந்தக் கோடுகள் வரும்போதெல்லாம் ஸ்ரீரங்கன் டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். கேபிளில் அதே பாட்டு துல்லியமாக வந்தால் சேனலை மாற்றிவிடுவார்.

"ஆத்துல துணி வைக்க அலமாரி இல்லை, டப்பாவா அடுக்கிண்டு இருக்கேளே" என்பாள் மனைவி சுப்புலக்ஷ்மி. அவள் பாட்டு டீச்சர். டெக் ஓடாத நேரமாகப் பார்த்துத்தான் வீட்டில் பாட்டு க்ளாஸ் நடக்கும்.

ஆசை இருக்கிற இடத்தில் சந்தேகம் சும்மா இருக்குமா? கோபாலபுரத்தில் வெங்கடரமணன் என்று ஒருவர் இருந்தார். அவரும் பீட்டா சேர்ப்பவர். பங்களாவாசி, கேசட்டுக்கென்று தனி ஏ.சி. அறை வைத்திருப்பவர். ஆழ்வார்பேட்டையில் பீர் முஹம்மது தம் வீடியோ கடையை எஸ்.டி.டி. பூத்தாக மாற்றியபோது, கடையிலிருந்த பீட்டா மொத்தத்தையும் ஸ்ரீரங்கன் முந்திக்கொண்டு கோணிமூட்டையில் கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்த வெங்கடரமணன் வெறுங்கையோடு திரும்பினாராம். அன்றிலிருந்து ஸ்ரீரங்கனுக்கு ஒரே பயம்: அந்த மனுஷன் ஆள் வைத்தாவது அடித்துக்கொண்டு போய்விடுவான்.

அதற்காக அவர் கண்டுபிடித்த உபாயம்தான் அடையாளம். மூன்று மணி நேர கேசட்டில் படம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'வணக்கம்' என்று திரையில் வந்ததும் உலகத்தில் உள்ள எல்லோரும் செய்வது ஒன்றுதான். நிறுத்திவிட்டு ரீவைண்ட் போடுவார்கள். வாடகைக் கேசட் காலத்துப் பழக்கம். அதற்கப்புறம் மிஞ்சியிருக்கும் டேப்பை எவனும் பார்த்ததில்லை. ஸ்ரீரங்கன் அந்த வால் பகுதியில் தூர்தர்ஷனிலிருந்து எதையாவது பதிவு செய்து வைத்துவிடுவார். நாளைக்குக் கேசட் திருட்டுப் போய் வெங்கடரமணன் வீட்டில் அகப்பட்டால், "கடைசியில் ஓட்டிப் பாருங்கள், என் அடையாளம் இருக்கும்" என்று சொல்லலாம் அல்லவா? மாட்டுக்குச் சூடு போடுவது மாதிரி. எல்லாக் கேசட்டுக்கும் அல்ல, விலைபோகும் என்று தோன்றியவற்றுக்கு மட்டும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். நன்றாகக் கட்டிய பழைய புடவை, கையில் பிளாஸ்டிக் கூடை.

"பீட்டா கேசட்டு வச்சிகினு கீற சாரு நீதானா?"

ஸ்ரீரங்கன் கதவை முழுசாகத் திறக்கவில்லை. "யாரும்மா நீ?"

"சுலோச்சனா சார். பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிறேன். பாய் கடையாண்டேந்து நீ வாங்கியாந்தியே, அதுல நாப்பத்தேழாம் நம்பர் கேசட்டு ஒண்ணு கீதாம். அத்த எனுக்குக் குடு சார். இன்னா துட்டு கேட்டாலும் குடுக்கறேன்."

ஸ்ரீரங்கனுக்கு மூக்கில் வியர்த்தது. "உங்காத்துல பீட்டா டெக் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் கேசட்டை வெச்சுண்டு என்ன பண்ணுவே?"

அவள் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற யாராச்சும் இத்தக் கேட்டுகினு வந்தாங்களா சார்?" என்றாள்.

போதாதா? டெக் இல்லாதவள் கேசட் கேட்கிறாள், கேட்ட விலை தருகிறேன் என்கிறாள், போட்டிக்கு ஆள் வந்ததா என்று வேவு பார்க்கிறாள். சந்தேகமே இல்லை, கோபாலபுரத்து வேலை.

"மூட்டை பிரிக்கலைம்மா. தேடணும். பத்து நாள் கழிச்சு வா" என்று பூசி மெழுகி அனுப்பிவிட்டார். நாற்பத்தேழாம் நம்பர் அலமாரியின் இரண்டாவது தட்டில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அத்தோடு விட்டாரா? மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டினப்பாக்கத்துக்குப் போனார். மூக்கில் கைக்குட்டையோடு மீன் கடைகளின் ஓரமாக நடந்த ஸ்ரீரங்கனைப் பார்த்து நாலைந்து பேர், "இன்னா ஐயரே, வஞ்சிரம் வேணுமா?" என்று கேலி செய்தார்கள். சுலோச்சனா அங்கேதான் இருந்தாள். பலகைமேல் சங்கரா மீனை அடுக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் இளம்பெண், மடியில் குழந்தை, வெறும் கழுத்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காத முகம். மீன் விற்பது உண்மைதான். ஆனால் மீன் விற்பவளுக்குக் கேசட் நம்பர் எப்படித் தெரியும்? நிஜ மீன்காரியையே ஆள் பிடித்து அனுப்பியிருக்கிறான் என்று வெங்கடரமணனின் சாமர்த்தியத்தை மனசுக்குள் மெச்சிக்கொண்டே வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேசட்டை ஓட்டினார். ஏதோ ஒரு துப்பறியும் படம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து பார்த்தார். வெட்டுப்படாத பிரதியா? இல்லை. தியேட்டரில் வெட்டிவிட்ட பாட்டு இருக்கிறதா? அதுவும் இல்லை. நூற்றோடு நூற்றொன்றான படம், பீர் முஹம்மதுவின் கடை விளம்பரம் வேறு குறுக்கே நெடுக்கே ஓடியது. 'வணக்கம்' வந்தது.

ஒன்றுமில்லை என்றால் நிம்மதி வரவேண்டும். அவருக்கோ சந்தேகம் கூடியது. நமக்குத் தெரியாத ஏதோ ஒரு மதிப்பு இதற்கு இருக்கிறது, பத்து நாளில் அவள் வருவதற்குள் வேறு வழியில் தூக்கப் பார்ப்பார்கள். பதிவு செய்ய முடியாதபடி கடைக்காரர் உடைத்துவிட்டிருந்த பிளாஸ்டிக் பல்லின் ஓட்டையில் செல்லோடேப்பை ஒட்டினார். தூர்தர்ஷனில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. 'வணக்கம்' வந்ததும் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து பதிவுப் பொத்தானை அழுத்தி, டேப் தீர்ந்து தானாக நிற்கும்வரை விட்டுவிட்டார்.

காப்பி கொண்டுவந்த சுப்புலக்ஷ்மி பார்த்துக்கொண்டு நின்றாள். "பாவம், அந்த அம்மா வாய்விட்டுக் கேட்டா. குடுத்துட்டாத்தான் என்ன?"

"உனக்குத் தெரியாது. அடிமடியில கை வைக்கற கூட்டம்" என்றார்.

பத்து நாள் கழித்து சுலோச்சனா வந்தாள். இந்த முறை கூடை இல்லை. வாசல்படியிலேயே அவள் உட்கார்ந்துவிட, சுப்புலக்ஷ்மி உள்ளே அழைத்துவந்து மோர் கொடுத்தாள். பாதி டம்ளரை வைத்துவிட்டு அவள் பேச ஆரம்பித்தாள்.

"மாமி, இனிமே மறைச்சு பிரயோஜனமில்ல. நாளான்னைக்கு கோர்ட்ல வாய்தா. எம்பொண்ணு தமிழ்மொழியக் கட்டிகினவன் செந்தில்குமாருன்னு பேரு. ஏழு வருசம் குடும்பம் நடத்திட்டு, இப்ப வேற ஒருத்தியக் கட்டிகினான். கேட்டா, இவள நான் எங்கடா கட்டுனேன், சும்மா வச்சிகினு இருந்தேன்றான். தாலியப் புடுங்கிகினு அனுப்பிட்டான் மாமி. போட்டோ, கண்ணாலக் கேசட்டு எல்லாம் குப்பத்துல தீப்புடிச்சப்போ வூட்டோட போச்சு. சாட்சி சொல்ல வந்தவங்களையும் துட்டு குடுத்து மடக்கிட்டான்."

"இந்தப் படத்துக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார் ஸ்ரீரங்கன். அவர் குரலில் இன்னும் கொஞ்சம் வக்கீல்தனம் இருந்தது.

"கண்ணாலத்துக்குப் படம் புடிச்சது பாய்தான் சார், ஆனா கோர்ட்டுக்கு வரமாட்டேன்ட்டாரு. அவராண்ட ஒரு கேசட்டு நின்னுபோச்சு. யாரும் கேக்கலன்னு அதும்மேலயே சினிமாவ ஏத்திட்டாராம். ஆனா முச்சூடும் அழியலன்றாரு. மொத நாளு ராத்திரி ரிசப்சனு, அது முன்னாடி. அது மேல படம் ஏறிப்போச்சு. தாலி கட்டுனது மறுநாள் காலைல, அதனால கேசட்டு கடைசில. படம் முடிஞ்சப்புறம் ஓட்டிப் பாரு, மாப்ள தாலி கட்றது நிக்கும்னாரு. வக்கீலு, அது போதும், வாய் தொறக்கமாட்டான்னு சொல்லிகினாரு."

 சுப்புலக்ஷ்மி ஸ்ரீரங்கனின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கேசட்டை எடுத்து டெக்கில் தள்ளினார்.  எங்கேயாவது பதிவு விட்டுப்போயிருக்கும், டெக் பழசு, நடுவில் கரண்ட் போயிருக்கும் என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டே படத்தை வேகமாக ஓட்டினார்.

'வணக்கம்' வந்தது. சுலோச்சனா தரையில் நகர்ந்து டி.வி.க்கு அருகில் போய் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். திரையில் ஒருவர் வயல் வரப்பில் நின்று நெற்பயிரில் இலைச்சுருட்டுப் புழு வருவது பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"இதுக்கப்புறம் வருமா சார்?"

 அவள் காத்திருந்தாள். புழுவுக்கு மருந்து சொன்னார்கள், தெளிக்கும் விதம் சொன்னார்கள். ஒவ்வொரு காட்சி மாறும்போதும் அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பிறகு கரும்பு வந்தது. பிறகு டேப் தீர்ந்து டெக் தானே நின்றது. பதிவு செய்த அன்று கரண்ட் போயிருக்கவே இல்லை. பீட்டாவை அப்படி நல்ல இயந்திரமாகச் செய்திருந்தார்கள்.

"பாய் ஏமாத்திட்டான்" என்றாள் சுலோச்சனா. அழவில்லை. "செந்தில்குமாராண்ட துட்டு வாங்கிகினு இத்த அழிச்சிட்டு, எங்கிட்ட நல்லவன் மாதிரி பேசிக்கிறான். இப்பவே போயி அந்த பூத்துல வச்சு நாலு பேரு மின்னாடி நாற அடிக்கிறேன் பாரு."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். ஸ்ரீரங்கன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி ஆழ்வார்பேட்டைக்குப் போய்விடும், இவரை யாரும் கேட்கப்போவதில்லை. வாழ்க்கை முழுக்க அடுத்தவனைச் சந்தேகப்பட்டவருக்கு, இன்னொருவர் மேல் சந்தேகம் விழுவது எவ்வளவு சௌகரியம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நீங்க சொல்லப்போறேளா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள் சுப்புலக்ஷ்மி.

செருப்புகூடப் போடாமல் ஓடினார். தெருமுனையில் குழாயடிப் பக்கம் அவளைப் பிடித்துவிட்டார்.

"பாய் இல்லம்மா. நான்தான். நீ வந்துட்டுப் போனப்புறம் நான்தான் அதுமேல பதிஞ்சேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மொத நாளே என் கையில குடுத்திருந்தா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுலோச்சனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் மொத நாளே சொல்லியிருக்கணும்" என்றாள். "யாரையும் நம்பாத, அவங்க ஆளா இருக்கப்போறாங்கன்னு வக்கீலு சொன்னாரு. உன்னப் பாத்தா அவனுக்கு வேண்டப்பட்டவன் மாதிரிதான் இருந்துச்சு."

"நான் கோர்ட்டுக்கு வரேன்மா. கேசட்டைக் கையில எடுத்துண்டு வரேன். அதுல கல்யாணம் இருந்ததுன்னு ஜட்ஜ் முன்னாடி சொல்றேன்."

"கண்ணாலத்த நீ பாத்தியா சார்?"

'வணக்கம்' வந்ததும் நிறுத்திய விரலை அவர் நினைத்துப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் விட்டிருந்தால் நாதஸ்வரமாவது காதில் விழுந்திருக்கும்.

"பாக்கலைம்மா."

"அப்பால இன்னாத்த வந்து சொல்லுவ?" என்று கேட்டுவிட்டு, அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.