ரத்தக்கட்டைக் கரைத்த மேதாவி

வடநாட்டுக்கு லாரி ஓட்டிப்போய்த் திரும்பிய என் கணவருக்கு இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. அஸ்தம்பட்டியில் ஒரு மசாஜ் சென்டருக்கு அழைத்துப்போனேன். வாசல் பலகையில் மசாஜின் நன்மைகள் இருபது. சளி முதல் சர்க்கரை வரை எல்லாம் ஓடிவிடுமாம்!

வெள்ளைக் கோட்டு மாட்டிய மேதாவி காலைத் தொட்டுப் பார்த்தார். "ரத்தக்கட்டுங்க. நீவி உட்டா கரைஞ்சுரும்."

அடிபட்ட ரத்தக்கட்டை நீவியே பழகிய நானும் மண்டையை ஆட்டினேன். இரண்டு அழுத்து அழுத்தியதும் இவர் அலறினார்.

"போதுமுங்க, உடுங்க!"

"வலிச்சாத்தானுங்க கரையும்!"

இவர் காலை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவும், "ரத்தக்கட்டுதாம்மா" என்றார். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். "ஆனா ரத்தக் குழாய்க்குள்ள. இன்னும் நீவியிருந்தா பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருக்கும். உயிருக்கே ஆபத்து."

மருந்திலேயே குணமானது. உடம்பு அசதிக்கு இப்போதும் எண்ணெய் தேய்த்து நீவிக்கொள்கிறோம், சுகமாகத்தான் இருக்கிறது. ஒற்றைக் கால் வீங்கினால் மட்டும் யாரையும் தொடவிடுவதில்லை, முதலில் டாக்டர்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன மறுவாரமே மேதாவி போன் செய்திருந்தார். "கட்டு கரைஞ்சுதுங்களா?"

"டாக்டரம்மா பாத்துக்கிட்டாங்க. உங்க பலகையில இருபத்தொண்ணாவதா, 'ஆளையே கரைச்சுருவோம்'னு எழுதிக்கோங்க" என்றேன்.