பேரி மரத்தடியில் கோப்பி

பகல் பன்னிரண்டு இருபது. அக்கா வீட்டுக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது மூடாமல் விட்ட சோற்றுத் தட்டு. அதற்குரிய மாப்பிள்ளை வெளியே கிணற்றுக்கட்டில் இருந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை செக் நாட்டவர். ஜேர்மனியில் வேலை செய்கிறார். சிறுவயதிலேயே அங்கே உறவினரிடம் போய் வளர்ந்த என் அக்காவின் மகளைக் கட்டி, முதல் தடவையாக யாழ்ப்பாணம் வந்திருந்தார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஜேர்மன் மாப்பிள்ளை'. அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் முக்கால்வாசி அதைத் திருத்தவே செலவானது. "நான் ஜேர்மன் இல்லை."

"அப்ப ஏன் அங்கை போய் இருக்கிறார்?" என்று அக்கா முதல் நாளே மகளிடம் கேட்டார்.

"சம்பளம் அங்கைதானே அம்மா. இவரின்ரை அம்மாவும் எல்லை கடந்து வந்து ஜேர்மன் கடையிலைதான் சவுக்காரத்தூள் வாங்குறவ. அதே பெட்டி தங்கடை கடையிலை இருந்தா, கழிவை எங்களுக்குத் தள்ளுறாங்கள் எண்டுவா. அவங்கடை ரோட்டு திறம், பாண் திறம். ஆனா ஜேர்மன் கார் ஒண்டு கேற்றடியிலை நிண்டா மனிசிக்கு நெஞ்சு பதறும்."

பதற்றத்துக்குக் காரணம் அந்த அம்மாவின் வீடு. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, எல்லையோரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த ஜேர்மன்காரர்களைச் செக் அரசு வெளியேற்றியது. அவர்களின் வீடுகளில் செக் குடும்பங்கள் குடியேறின. அப்படியொரு வீட்டில்தான் மாப்பிள்ளையின் தாய் பிறந்தார். இப்போது அங்கே தனியே இருக்கிறார். அதே வீட்டிலிருந்து சிறுவனாக வெளியேற்றப்பட்ட ஒருவரின் மகன், எல்லைக்கு அப்பால் கொஞ்சத் தூரத்தில் வசிக்கிறார். ஆண்டுதோறும் அந்த வீட்டு முற்றத்துப் பேரி மரம் பழுக்கும் காலத்தில் வருவார். எதுவும் கேட்கமாட்டார். தாய் அவருக்கு மரத்தடியில் கோப்பி கொடுப்பார், போகும்போது ஒரு பை பழமும் கொடுப்பார். வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை.

இதைக் கேட்ட அக்கா எழுந்து முற்றத்தைக் கூட்டப் போனார். அக்கா முறையாக வாங்கிய இந்த வீடு, தொண்ணூறில் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஒரு முஸ்லிம் குடும்பத்துடையது. அந்தக் குடும்பத்தின் மகன் எப்போதாவது புத்தளத்திலிருந்து வருவார். அக்கா முற்றத்தில் கதிரை போட்டு, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பீங்கானில் தேநீர் கொடுப்பார்.

மாப்பிள்ளையின் தாய் நாள்தோறும் தன் காலைக் கோப்பியோடு மகனை அழைப்பார். அங்கே காலை என்றால் இங்கே மத்தியானம். அன்று அழைப்பு வரவில்லை. மாப்பிள்ளை எடுத்தும் பதில் இல்லை.

"பக்கத்து வீட்டிலை ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"லீவுக்குப் போட்டினம் மாமா," என்றாள் மருமகள். "கிட்ட இருக்கிறது அந்த ஜேர்மன் ஆள்தான். நம்பரும் இருக்கு. இவர்தான் எடுக்கத் தயங்குறார். அம்மாக்குப் பிடிக்காதாம்."

"உது யோசிக்கிற நேரமே?" என்றார் அக்கா. "எடுக்கச் சொல்லு பிள்ளை."

எடுத்தார். ஜேர்மன்காரர் உடனே போய், வீடியோவில் அழைத்தார். போன் திரையில் வேலியும் மரமும் தெரிந்தன, பிறகு சமையலறை யன்னல். கண்ணாடிக்கு உள்ளே தாய் தரையில், அலுமாரியில் சாய்ந்து இருந்தார். ஒரு கால் கோணலாகக் கிடந்தது. கண் திறந்திருந்தது. மருமகள் வாய்விட்டு அழுதாள்.

மாப்பிள்ளை கதவுத் திறப்பு இருக்கும் இடத்தைச் சொன்னார். அதற்கு ஜேர்மன்காரர் சொன்ன பதிலை மருமகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: "பூச்சட்டிக்குக் கீழை எண்டு தனக்குத் தெரியுமாம். தாத்தா காலத்திலையும் அங்கைதானாம்."

அவர் திறப்பை எடுத்துக் கண்ணாடிக்கு நேரே உயர்த்திக் காட்டினார். தாய் வேண்டாமென்று தலையை ஆட்டினார். கையைத் தூக்கி மரத்தடியைக் காட்டினார்.

மாப்பிள்ளை தன் மொழியில் கத்தினார். ஜேர்மன்காரர் போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். தாய் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"கதவைத் திறந்துகொண்டு போகச் சொல்லன்," என்றார் அக்கா.

"சொல்லியாச்சு அம்மா. அவ ஓம் எண்டாமல் தான் உள்ளுக்கை வரமாட்டாராம். ஆம்புலன்சுக்குச் சொல்லிப்போட்டாராம்."

"விசர். ரெண்டுக்கும்," என்றார் அக்கா. பிறகு, "பாவங்கள்," என்றார்.

ஆம்புலன்ஸ் செக் பக்கத்து நகரத்திலிருந்து மலையைச் சுற்றி வரவேண்டும். அதுவரை கிணற்றடியில் நின்று ஒரு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய் ஒருமுறை கண்ணை மூடினார். மாப்பிள்ளை திரையை விரலால் தட்டினார், கதவைத் தட்டுவதுபோல. அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை.

கடைசியில் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். ஜேர்மன்காரர் திறப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போனார். அவர்கள் தாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது எழுந்து நின்றார். தாய் அவரைப் பார்த்தாரா என்பது திரையில் தெரியவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வண்டி போன பிறகு ஜேர்மன்காரர் கதவைப் பூட்டி, திறப்பைப் பூச்சட்டிக்குக் கீழே வைத்தார்.