ஒரு ராகத்துக்கு ஒரு கேசட்

டேப் ரெக்கார்டர் சூடேறும்போது வரும் வாசனை இன்றும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு வியர்த்துவிடும். உத்திரமேரூர் வீட்டின் உள்ளறையில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், கதவையும் ஜன்னலையும் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, நைனா வானொலிக் கச்சேரிகளைப் பதிவு செய்வார். ரேடியோ தனி, டேப் ரெக்கார்டர் தனி. இரண்டையும் எதிரெதிரே வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்பதால், யார் தும்மினாலும் அது கச்சேரியில் சேர்ந்துவிடும். அறிவிப்பாளர் பேச ஆரம்பித்ததும் பதிவை நிறுத்திவைக்கும் 'பாஸ்' பொத்தானை அழுத்துவது என் வேலை. பத்து வயதில் அது எனக்குச் சிறைதான்.

ஒரு பிஸ்கட் டப்பா கொள்ளும் அளவுக்குத்தான் கேசட் என்பது நைனாவின் சட்டம். "ராகத்துக்கு ஒண்ணு போதும், பெஸ்டா இருந்தா சரி" என்பார். புதிதாகப் பிடித்ததைப் பழையதோடு ஒப்பிட்டுக் கேட்டு, தோற்ற கேசட்டை அடுத்த வாரம் அழித்துப் பதிவு செய்வார்.

அப்படித் தோடி ராகம் பதிவாகிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறன்றுதான், பக்கத்து வீட்டுத் தோழி மும்தாஜின் குடும்பம் தங்கள் கடையை மூடிக்கொண்டு ஒரேயடியாக ஆம்பூருக்குப் புறப்பட்டது. மாலையில் கிளம்புவதாக இருந்தவர்களுக்கு லாரி முன்னதாகவே வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அவள் குரல் கேட்டது: "வள்ளி, லாரி வந்துட்ச்சி. நாங்க கெளம்பறோம். வெளிய வா." நான் எழுந்தேன். நைனா கண்ணைத் திறக்காமலே விரலை உயர்த்தினார். உட்கார்ந்துவிட்டேன். "வள்ளி, வர்றியா இல்லியா?" என்று அவள் இன்னொரு முறை கேட்டாள். அப்புறம் லாரிச் சத்தம். பதிவு முடிந்து கதவைத் திறந்தபோது பக்கத்து வீட்டில் பூட்டு தொங்கியது. எழுந்தவள் ஏன் உட்கார்ந்தேன் என்று என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

நைனா கேசட்டைப் போட்டுக் கேட்டார். அதில் மும்தாஜ் இரண்டு தடவை கூப்பிட்டாள், பதில் இல்லை. "இன்னாமா பாடிக்கினு கீறாரு, நடுவுல இது வேற. சரி, வேற நல்ல தோடி கெடைக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

அன்று முதல் வேறு நல்ல தோடி கிடைத்துவிடுமோ என்பதுதான் என் பயம். கிடைக்கவும் செய்தது, பல முறை. ஒப்பிடும்போது நைனா என் முகத்தைப் பார்ப்பார். "புதுசுல வயலின் அமுங்கிப்போச்சு நைனா" என்பேன். "மிருதங்கம் ஜாஸ்தியா கீது" என்பேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவரோ, "எங்க பாப்பா காது யாருக்கும் வராது" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பூரித்துப்போனார். விளைவு, எல்லாக் கச்சேரிக்கும் நான் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. கல்யாணமாகிப் போகும்வரை ஒரு ஞாயிறுகூட எனக்கு வெளியே கிடைக்கவில்லை. அந்தக் கேசட் மட்டும் டப்பாவில் பத்திரமாக இருந்தது.

இப்போது நைனா இல்லை. நாடாவில் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டது. ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார். போன மாதம் அதே கச்சேரி போனில் கிடைத்தது. எந்த ஊரிலோ யாரோ சுத்தமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். என்னையறியாமல் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டேன். அந்த இடம் வந்தது. எழுந்து நின்றேன். பாட்டு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.