பஸால் வெட்டிய குழி

இது நடந்தது. நம்பச் சொல்லி யாருடைய கையையும் நான் பிடித்து இழுக்கவில்லை. பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று காத்திருப்பவர்கள் வேறு கதை தேடிக்கொள்ளலாம். இது பட்டப்பகலில், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் நடந்தது. குழியை வெட்டிய பஸால் இன்றும் பாலமுனையில் இருக்கிறான். பார்த்தவள் நுஸ்ஹா கல்முனையில் இருக்கிறாள். ஆனால் அவளிடம் போய்க் கேட்காதீர்கள். அவள் இப்போது யாரோடும் அதிகம் கதைப்பதில்லை.

நுஸ்ஹாவின் உத்தியோகம் மண்ணுக்குப் பெயர் வைப்பது. சிரிக்க வேண்டாம், அப்படியும் ஒரு வேலை இருக்கிறது. காணியில் அங்கங்கே கம்பியால் குடைந்து பார்ப்பாள். ஓர் இடத்தில் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டுவிப்பாள். குழிச் சுவரில் மண் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வோர் அடுக்கின் நிறத்தையும், மண் நிறங்கள் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிடுவாள். கொஞ்சம் எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, இரண்டு விரலுக்கிடையில் நசுக்கித் தள்ளுவாள். உதிர்ந்தால் மணல். நாடாவாக நீண்டால் களிமண் கலந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துக் கடைசியில் ஒரு பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் மேலிடத்தில் இருப்பவர்கள், அங்கே வீடு கட்டலாமா கூடாதா என்று முடிவெடுப்பார்கள். மண்ணை அவர்கள் தொடுவதில்லை. பெயரை மட்டும் வாசிப்பார்கள்.

தாழையடிக் காணிக்குப் பெயர் வைக்கப் போன அன்று அவள் மனம் ஒரு நிலையில் இல்லை. காரணம் தங்கை ஸம்றா.

கல்முனையில் இருந்த உம்மாவின் வீடு மூத்தவளுக்குப் போயிற்று. இளையவளுக்கு வாப்பா ஒலுவிலில் ஒரு வீடு வாங்கிச் சீதனமாகக் கொடுத்தார். அப்போது கடல் தூரத்தில் கிடந்தது. பிறகு கரையைத் தின்னத் தொடங்கியது. ஸம்றாவின் தென்னைகளை விழுங்கியது, கிணற்றை விழுங்கியது, இப்போது குசினிச் சுவரடியில் வந்து நின்றது. இப்படி வீடு பறிபோகிறவர்களுக்குத்தான் தாழையடிக் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மண் நல்லது என்று நுஸ்ஹா எழுதினால் போதும். ஸம்றாவுக்கு ஒரு துண்டு நிச்சயம்.

முதல்நாள் இரவே ஸம்றா போன் எடுத்துவிட்டாள்.

"ராத்தா, நல்ல மண்ணெண்டு எழுதிடுங்க. மாரிக்கு முந்தி அங்கால போயிரணும்."

"மண்ணப் பாத்துத்தான் புள்ள எழுதலாம்."

"மண்ணப் பாருங்க. என்னையும் கொஞ்சம் பாருங்க."

அது ஜூலை மாதம். ஊரில் மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. கச்சான் காற்று அனலாக அடித்தது. பஸால் பள்ளிவாசலுக்காக, இறந்தவர்களை அடக்கக் கபுறு வெட்டுகிறவன், அன்று கூலிக்கு நுஸ்ஹாவோடு வந்திருந்தான். சதுரமாக வெட்டச் சொல்லிவிட்டு அவள் காணியின் மறுகோடிக்குப் போய்க் குடைந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். குழி வடக்குத் தெற்காக நீண்டு ஒடுங்கியிருந்தது. ஓரங்கள் செதுக்கினாற்போல் நேராக இருந்தன.

"என்ன பஸால், கபுறா வெட்டி வெச்சிரிக்கிங்க?"

"கைப்பழக்கம் மிஸ். தெரியாம வெட்டிட்டன்." சிரித்தான். ஆனால் முகம் சுண்டிப்போயிருந்தது. "மிஸ்... இப்பிடி வெட்டின குழிய வெறுமன உடப்படா. ஒரு தாழங்கொப்பப் போட்டு வெப்பமா?"

"கொப்பும் வேணாம், ஒண்டும் வேணாம். மண் கலந்திரும். நீங்க ஜும்ஆவுக்குப் போங்க."

அவன் இரண்டு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஜும்ஆ நேரத்தில் நம்முடைய ஊர்கள் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. கடை பூட்டு. ரோட்டில் ஒரு சைக்கிள் கிடையாது. ஆண்கள் பள்ளியில், பெண்கள் குசினியில். தாழையடியில் வீடே இல்லை, ஆகவே ஒருவருமே இல்லை. தூரத்துப் பள்ளியின் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் மட்டும் காற்றோடு வந்து வந்து போனது. நுஸ்ஹா அட்டையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். தரை அவள் கழுத்துக்கு வந்தது.

மேலடுக்கு அருமையான மணல். பழுப்பு நிறம், விரலில் ஒட்டாது. அதற்குக் கீழே மஞ்சள் மணல். அவளுக்குச் சந்தோஷம் வந்தது. இடுப்பளவுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். சந்தோஷம் அப்படியே போயிற்று. மண் சாம்பல் நிறமாக மாறியிருந்தது. அதில் துருப் பிடித்தது போல் செம்புள்ளிகள். எடுத்து நசுக்கினாள். நாடாவாக நீண்டது. மாரியில் தண்ணீர் இதுவரை ஏறி நின்று, கோடையில் இறங்கிப் போகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இங்கே வீடு கட்டினால் கக்கூஸ் குழியும் கிணறும் ஒன்றாகும். பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் சாகும்.

மேல் இரண்டு அடுக்கை மட்டும் எழுதினால் என்ன? யார் வந்து தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். உண்மையைச் சொல்வதானால், எழுதத்தான் போனாள்.

அப்போது குத்பா நின்றது.

முடிந்து நிற்கவில்லை. ஒரு சொல்லின் நடுவில், வெட்டினாற்போல் நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தாள். பிறகுதான் கவனித்தாள், காற்றும் நின்றிருந்தது. தாழை ஓலை ஒன்றுகூட அசையவில்லை.

"ராத்தா..."

நிமிர்ந்தாள். குழியின் விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு அபாயா. முகம் மூடியிருந்தது. கால்கள் இரண்டும் குழிக்குள் தொங்கின. காணி கேட்டு எழுதிக் கொடுத்தவர்களில் யாரோ, அலுவலர் வந்திருப்பது தெரிந்து வந்திருக்கிறாள் என்றுதான் நுஸ்ஹா நினைத்தாள். வந்த சத்தம் கேட்கவில்லையே என்று அப்போது தோன்றவில்லை.

"ராத்தா, கீழ ஈரமா?"

தொண்டையில் தண்ணீர் நிற்பது போல் கரகரத்த குரல். பாவம், எதிர்பார்ப்போடு வந்திருக்கிறாள். நுஸ்ஹாவின் வாயில் பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இல்ல. நல்ல காஞ்ச மண்."

வந்தவள் தலையை மெல்ல ஆட்டினாள்.

டப்... டப்...

சொட்டும் சத்தம். அபாயாவின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழையே இல்லாத ஜூலையில், துணி முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

"குளிருமா ராத்தா?"

நுஸ்ஹா குழிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

விளிம்பில் இருந்தவள் குனிந்தாள். ஒரு கையை நீட்டினாள்.

இடுப்பளவுக்குக் கீழே இருந்த அந்தச் சாம்பல் மண்ணை, மேலே உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் கை எட்டாது.

எட்டியது.

நுஸ்ஹாவின் முகத்தை உரசிக்கொண்டு... ஈரமாக... கடல் வாடையோடு... நீண்டு போனது.

ஒரு பிடி அள்ளியது. இறுக மூடியது.

"இத நான் வெச்சிக்கிறன்."

நுஸ்ஹா கண்ணை மூடினாள்.

குத்பா கேட்டது. நின்ற அதே சொல்லின் மீதியிலிருந்து.

கண்ணைத் திறந்தபோது விளிம்பில் ஒருவருமில்லை. மணலில் கால் தடம் இல்லை. சொட்டுச் சொட்டாக ஈரம் மட்டும் இருந்தது. குழிச் சுவரில், மண்வெட்டி படாத இடத்தில், ஐந்து விரல் அள்ளிய பள்ளம்.

பஸால் தொழுதுவிட்டு வந்தபோது அவள் ரோட்டோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குழியை மூடினான்.

நுஸ்ஹா உள்ளதை உள்ளபடி எழுதினாள். பயத்தில் எழுதினாள் என்று நீங்கள் சொல்லலாம். கொஞ்சம் பயமும்தான். ஆனால் ஸம்றாவின் பிள்ளைகளை அந்தத் தண்ணீருக்கு மேல் குடியிருத்த அவளுக்கு மனம் வரவில்லை. தங்கையைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். மேலே மணல், கீழே மாரி நீர் ஏறி நிற்கும் களிமண், குடியிருப்புக்கு உகந்ததல்ல. ஒரே வரியில் காணி கைவிட்டுப் போயிற்று.

ஸம்றா ஒரேயொரு தரம் போன் எடுத்தாள்.

"உங்களுக்கு உம்மாட வீடு. எனக்குக் கடல். இப்ப அத எழுதியும் தந்திட்டிங்க."

"அந்த மண் ஈரம் புள்ள. சொல்றதக் கேளு..."

"இங்க என்ன, காஞ்சா கிடக்கு?"

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நுஸ்ஹா எடுத்த போன் ஒன்றையும் அவள் தூக்கவில்லை.

வேறு காணி பார்க்கிறோம் என்றார்கள். பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இதற்கிடையில் பழைய மையவாடியில் கபுறு வெட்ட இடம் முடிந்துவிட்டது. தாழையடி சும்மாதானே கிடக்கிறது, தாருங்கள் என்று ஊரில் கேட்டார்கள். உடனே கொடுத்துவிட்டார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு வருடக்கணக்காக இழுத்தடித்த கையெழுத்து, மையித்துகளுக்கு ஒரு மாதத்தில் கிடைத்தது. வீட்டுக்கு ஆகாத மண் கபுறுக்கு ஆகுமா என்று நுஸ்ஹாவிடம் யாரும் கேட்கவில்லை.

டிசம்பரில் கடல் பொங்கியது. ஸம்றா பிள்ளைகளை அயலில் விட்டுவிட்டு, மிச்சச் சாமான்களை எடுக்கக் குசினிக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். அடியில் மண் இல்லாமல் நின்ற சுவர் அவள் மேல் விழுந்தது. தண்ணீருக்குள்ளிருந்துதான் தூக்கினார்களாம். கறுப்பு அபாயா முழுக்க நனைந்து, உடம்போடு ஒட்டிக் கிடந்ததாம்.

மரண விசாரணை முடிந்து, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மையித்தைக் கொடுத்தார்கள். குளிப்பாட்ட நுஸ்ஹாவும் நின்றாள். ஸம்றாவின் வலக்கை இறுக மூடியிருந்தது. குளிப்பாட்டிய பெண்கள் விரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. நுஸ்ஹா இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, விரல் விரலாகத் திறந்தாள்.

உள்ளே ஒரு பிடி மண்.

"கடல் மண் புள்ள, கழுவிடு" என்றாள் பக்கத்தில் நின்ற மாமி.

நுஸ்ஹா கழுவவில்லை. அவளுடைய விரல்கள் அவளைக் கேட்காமலே அந்த மண்ணை எடுத்தன. நசுக்கின.

சிப்பித் துகள் ஒன்றுமில்லை. சாம்பல் நிறம். துருப் புள்ளி. விரலுக்கிடையில் நாடாவாக நீண்டது...

ஒலுவில் கரையில் எங்கே தோண்டினாலும் அந்த மண் கிடையாது. அது நுஸ்ஹாவுக்குத் தெரியும். அவள்தானே அதற்குப் பெயர் வைத்தவள்.

இரவு ஸம்றாவின் புருஷன் றிஸ்மி அடக்கம் முடித்துவிட்டு வந்தான். சாரன் முழங்கால் வரைக்கும் சேறாக இருந்தது.

"எந்த இடத்தில தம்பி?"

"பஸால்தான் வெட்டின மதினி. மழைக்குள்ள அவசரத்துக்கு, மண் இளகிக் கிடந்த இடமாப் பாத்து வெட்டினானாம். முடிஞ்ச பிறகுதான் அவனுக்கே விளங்கியிரிக்கி. நீங்க முந்தி வெட்டுவிச்ச அதே குழி எண்டு சொல்லி அழுதான்."

நுஸ்ஹா அவனுடைய சாரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். குரல் கரகரத்து வந்தது.

"கீழ ஈரமா?"

"ஓம் மதினி" என்றான் றிஸ்மி. "தண்ணிய வாளியால அள்ளி அள்ளித்தான் வெச்சம்."